ரப்பர் கொட்டகையில் கிடைத்த பழைய ஆல்பைன் பந்தயப் பலகை: என்ன விலைக்கு, யாரிடம் விற்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன். அவருடைய தாய்மாமா ஆஸ்திரியாவில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை பார்த்துவிட்டு 1996-இல் ஊர் திரும்பியபோது ஒரு பனிச்சறுக்குப் பலகையை (ஸ்னோபோர்ட்) கொண்டுவந்திருக்கிறார். மாமா இப்போது இல்லை. தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு, அதாவது புறநகர்க் குடியிருப்புக்கு, குடிபெயரும் வேளையில், பின்கட்டுக் கொட்டகையில், ரப்பர் ஷீட் அழுத்தும் பழைய மெஷினுக்குப் பின்னால் அந்தப் பலகை கிடைத்திருக்கிறது. நீளம் 163 சென்டிமீட்டர், நடுப்பகுதியின் அகலம் 19 சென்டிமீட்டர். வால் பகுதி நேராக இல்லாமல் சாய்வாக வெட்டப்பட்டதுபோல் இருக்கிறது; அது உடைப்போ குறையோ என்று பயப்படுகிறார். காலணியைப் பூட்டுவதற்கான, கம்பி வளையங்கள் கொண்ட இரண்டு தட்டுகள் மேலே திருகப்பட்டிருக்கின்றன. கூடவே ஒரு சோடி கனத்த பிளாஸ்டிக் சப்பாத்தும் உண்டு. முனையில் இருந்த எழுத்துகள் உரிந்துபோய்விட்டன. படங்களும் அனுப்பியிருக்கிறார். பழைய இரும்பு வாங்குபவர் 20 ரிங்கிட் தருவதாகச் சொல்கிறார். ஈப்போவில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஒருவர் சுவரில் மாட்டுவதற்கு 250 ரிங்கிட் தருகிறாராம். அம்மாவோ, இது ஒலிம்பிக்கில் ஓடிய பலகை, ஆயிரக்கணக்கில் போகும் என்கிறார். இதில் யார் சொல்வதை நம்புவது என்பதுதான் கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விலை பற்றிய கேள்விதான். ஆனால் அவர் உண்மையில் கேட்பது, தன் கையில் இருப்பது இன்ன பொருள் என்று தெரிந்துகொள்ளாமலேயே அதை விட்டுவிடுவோமோ என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. மாமாவின் பொருள் என்பதால் அந்தக் கவலை இன்னும் நியாயமானது. நானும் அதே ஊர்க்காரன்; தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து மலை நகர் ஒன்றில் 12 குளிர்காலங்கள் பனிச்சறுக்குக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்துவிட்டு, இப்போது ஊரில் பூப்பந்து மட்டைகளுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பட்டறையில் ஆல்பைன் பலகைகள் பல என் கைவழியாகப் போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன். படங்களை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியவற்றையும், பலகையைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தால் மட்டுமே சொல்லக்கூடியவற்றையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானவை. இது சாதாரணப் பனிச்சறுக்குப் பலகை அல்ல. மென்மையான காலணியோடு குதித்தும் சுழன்றும் விளையாடும் பலகைகளின் நடு அகலம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இருக்கும். 19 சென்டிமீட்டர் என்பது கடினக் காலணி அணிந்து, பாதங்களைப் பலகையின் நீளவாக்கில் வெகுவாகத் திருப்பி நின்று, எஃகு விளிம்பைப் பனியில் பதித்து வளைந்து வளைந்து இறங்கும் ஆல்பைன் பலகையின் அகலம். கம்பி வளையத் தட்டுகளும் பிளாஸ்டிக் சப்பாத்தும் அதையே உறுதிப்படுத்துகின்றன. இரண்டாவது, நீங்கள் உடைப்பு என்றோ செய்நேர்த்திக் குறை என்றோ பயந்த அந்தச் சாய்ந்த வால் ஒரு குறையே அல்ல. இந்தப் பலகையில் கவனத்துக்குரியதே அதுதான்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆல்பைன் பலகையில் நிற்பவரின் இரண்டு பாதங்களும் முன்னோக்கிச் சாய்ந்து நிற்பதால், கால்விரல்கள் ஒரு பக்க விளிம்பின் மீதும், அதைவிடப் பின்தள்ளிக் குதிகால்கள் மறுபக்க விளிம்பின் மீதும் வருகின்றன. அப்படியானால் இரண்டு விளிம்புகளின் வளைவுகளும் ஒன்றுக்கொன்று நேரெதிரே இருக்க வேண்டிய தேவை என்ன, விரல் பக்க வளைவை முன்னே தள்ளி, குதிகால் பக்க வளைவைப் பின்னே தள்ளினால் என்ன என்று 1980-களின் பிற்பகுதியில் பலகை செய்பவர்கள் யோசித்தார்கள். அதன் விளைவாகப் பிறந்தவையே சமச்சீரற்ற பலகைகள். இரண்டு பக்கங்களும் முன்பின்னாக நகர்ந்திருப்பதால் முனையும் வாலும் சாய்வாகத் தெரியும். இவை 1990-களின் நடுப்பகுதி வரை புழங்கின. பிறகு பலகைகள் மேலும் ஒடுங்கி, பாதங்களின் கோணமும் இன்னும் கூடியபோது, அந்த முன்பின் நகர்த்தலால் கிடைத்த பயன் குறைந்தது. இடக்காலை முன்வைப்பவருக்கு ஒன்று, வலக்காலை முன்வைப்பவருக்கு ஒன்று என ஒவ்வோர் அளவிலும் இரண்டு வகை செய்து கடைகளில் வைப்பதும் பெரும் சுமையாக இருந்தது. ஆகவே சமச்சீரான பலகைகளே நிலைத்தன. உங்கள் பலகை எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: முனையை மேலே வைத்து மேற்பக்கத்திலிருந்து பாருங்கள், வலப்பக்க விளிம்பின் வளைவு முன்தள்ளியிருந்தால் இடக்காலை முன்வைப்பவருக்கானது, இடப்பக்க வளைவு முன்தள்ளியிருந்தால் வலக்காலை முன்வைப்பவருக்கானது. விளம்பரத்தில் இதைக் கட்டாயம் எழுதுங்கள். வாங்குபவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

ஆக, மாமா திரும்பிய ஆண்டையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால், பலகை 1980-களின் இறுதிக்கும் 1990-களின் நடுப்பகுதிக்கும் இடையில் செய்யப்பட்டது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. எந்த நிறுவனத்துடையது என்பதைப் படத்திலிருந்து என்னால் சொல்ல இயலாது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் புழங்கிய ஆல்பைன் பலகைகளில் அமெரிக்காவின் பர்ட்டன், பிரான்சின் ஹாட், 1887-இல் மரவேலைப் பட்டறையாகத் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் நிடெக்கர், எஃப்2 முதலிய பெயர்களை நீங்கள் தேடிப் பார்க்கலாம். மேற்பரப்பு உரிந்திருந்தாலும் அடித்தளத்தில் பெரிய எழுத்துகள் பதிந்திருக்கக்கூடும். வால் பக்கத்திலோ தட்டுகளுக்கு நடுவிலோ சிறிய வரிசை எண் இருக்கக்கூடும். தட்டுகளின் அடியில் வெயில் படாத இடத்தில் பழைய நிறமும் எழுத்தும் அழியாமல் இருப்பது வழக்கம். தட்டுகளைக் கழற்றினால் தெரியும் திருகுத்துளைகளின் அமைப்பையும் படம் எடுங்கள். துளைகள் சதுரமாக அமைந்திருக்கின்றனவா, முக்கோணமாகவா என்பதை வைத்தே நிறுவனத்தையும் காலத்தையும் ஊகிக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். கழற்றும்போது மட்டும் பொறுமை தேவை. 3-ஆம் எண் நட்சத்திர முனையைப் பயன்படுத்துங்கள். வீட்டில் கைக்குக் கிடைக்கும் சிறிய முனையைப் போட்டுத் திருகினால் திருகின் தலை உருண்டுவிடும். துருவில் இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பலகைக்குள் பதிந்திருக்கும் உலோகக் குழலும் சேர்ந்து சுழன்றுவிடும். அதற்குப் பிறகு அந்தத் துளை பயன்படாது.

அம்மா சொல்லும் ஒலிம்பிக் கதையைப் பற்றி நேராகவே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதை விளம்பரத்தில் எழுதினால் உங்கள் நேர்மையின் மீதே கேள்வி எழும். பனிச்சறுக்குப் பலகைப் போட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1998-இல், ஜப்பானின் நகானோவில். ஆல்பைன் பிரிவில் அப்போது நடந்தது பெரும் ஸ்லாலம், அதாவது நட்டுவைத்த கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் போட்டி. ஆண்களில் கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டியும், பெண்களில் பிரான்சின் கரீன் ரூபியும் தங்கம் வென்றார்கள். இருவர் பக்கம் பக்கமாக இறங்கும் இணைப் பெரும் ஸ்லாலம் 2002-இல் சால்ட் லேக் சிட்டியில்தான் சேர்க்கப்பட்டது. உங்கள் மாமாவோ 1996-லேயே பலகையோடு ஊர் வந்துவிட்டார். ஆகவே இந்தப் பலகை ஒலிம்பிக்கில் ஓடியிருக்க வழியே இல்லை. அம்மா பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. பின்னாளில் ஒலிம்பிக்குக்குப் போன ஒருவரிடமிருந்து மாமா இதை வாங்கியிருக்கலாம், அல்லது போட்டிகளில் ஓடிய ஒருவர் கொடுத்திருக்கலாம். இருபது, முப்பது ஆண்டுகள் வீட்டில் சொல்லிச் சொல்லி அது ஒலிம்பிக் ஆகியிருக்கலாம். மாமாவின் பெட்டியில் புகைப்படம், கடிதம், போட்டி எண் அச்சிட்ட துணி, ஏதேனும் ரசீது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒரு பந்தய வீரர் பயன்படுத்திய பலகை என்பதற்கு ஒரே ஒரு படம் கிடைத்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. எதுவும் கிடைக்காவிட்டால், ‘1996-க்கு முன் ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது, ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். அந்த உண்மையே வாங்குபவருக்கு நம்பிக்கை தரும்.

இனி நிலைமை. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். இந்தப் பலகைகள் குளிரிலும் பனியிலும் உழைக்கச் செய்யப்பட்டவை; நம் ஊர்த் தகரக் கூரையின் வெக்கையிலும் ஆண்டு முழுவதும் நிற்கும் ஈரப்பதத்திலும் கிடக்கச் செய்யப்பட்டவை அல்ல. நடுவே மரம், மேலும் கீழும் கண்ணாடியிழை, ஓரத்தில் எஃகு விளிம்பு, அடியில் பாலித்தீன், எல்லாவற்றையும் பிணைக்கும் எபாக்ஸிப் பசை என்பதுதான் அந்தக் காலத்துப் பலகையின் அமைப்பு. விளிம்பு துருப்பிடித்து வீங்கினால் பசை விடும். பசை விட்ட இடத்தில் ஈரம் புகும். ஈரம் புகுந்தால் மரம் ஊதும். அதோடு நீங்கள் சொன்ன இடம் ரப்பர் ஷீட் போடும் கொட்டகை. பால் உறைய நாம் ஊற்றிய ஆசிட், அதாவது ஃபார்மிக் அமிலம், காற்றில் கலந்தாலே எஃகை அரிக்கும். அந்தக் கொட்டகைகளில் ஆணிகளும் கீல்களும் மற்ற இடங்களைவிட வேகமாக உளுத்துப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே நீங்கள் அனுப்பிய படத்தில் விளிம்பில் தெரியும் பழுப்பு நிறம் மேலோட்டமான துருவா, உள்ளே குழி விழுந்த அரிப்பா என்பதுதான் இந்தப் பலகையின் விலையைத் தீர்மானிக்கப்போகிறது. படத்தில் அதைப் பிரித்தறிய முடியாது. நகத்தால் விளிம்பின் மீது நீளவாக்கில் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு மட்டும் இருந்தால் பயமில்லை, குழிகள் தட்டுப்பட்டால் அரிப்பு ஆழமாகிவிட்டது என்று பொருள்.

அடுத்து, 20 சென் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு பலகையின் மேற்பரப்பை இரண்டு விரல் இடைவெளியில் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி ஒரே சீராக, கெட்டியாக இருக்க வேண்டும். எங்காவது பொத்தென்று உள்ளீடற்ற ஒலி கேட்டால் அங்கே அடுக்குகள் பிரிந்துள்ளன. முனையிலும் வாலிலும் விளிம்போரங்களிலும் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். பிறகு தட்டுகளைக் கழற்றிய பலகையை மட்டமான சிமெண்டுத் தரையில் அடிப்பக்கம் கீழாக வையுங்கள். இந்தக் காலத்துப் பலகைகள் வில்போல் மெல்ல மேல்நோக்கி வளைந்திருக்கும்; முனைக்கு அருகிலும் வாலுக்கு அருகிலும் மட்டும் தரையைத் தொட்டு, நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். அந்த வளைவு இன்னும் இருந்தால் பலகைக்குள் உயிர் இருக்கிறது. நடுவும் தரையில் படிந்து கிடந்தால், அல்லது நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் தூக்கி நின்று ஆடினால், அது ஓட்டுவதற்கான பொருளாக இனி இருக்காது. சேகரிப்புப் பொருளாக மட்டுமே விலை போகும்.

சுத்தம் செய்வதில் அவசரம் வேண்டவே வேண்டாம். பட்டறையில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு பெரியவர் கொண்டுவந்த பழைய பலகையின் துருவை நான் சுழலும் கம்பித் தூரிகையால் பளபளவென்று நீக்கிக் கொடுத்தேன். விளிம்பின் அளவு குறைந்ததோடு, மேற்பரப்பில் இருந்த அசல் ஓவியத்தின் ஓரமும் உரிந்துபோயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த முகம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. எனவே சொல்கிறேன்: லேசான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, எஃகு விளிம்பில் மட்டும் தையல் மெஷின் எண்ணெயை மெல்லப் பூசி வையுங்கள். தின்னர், பெட்ரோல், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். கிழிந்த ஒட்டுத்தாள்களையும் உரிக்க வேண்டாம். அடித்தளம் வெளிறித் தெரிவது மெழுகு காய்ந்ததால்தான். அதைச் சரிசெய்ய மெழுகுவத்தியைத் தேய்க்காதீர்கள், வாங்குபவர் தகுந்த மெழுகைத் தானே உருக்கிப் பூசிக்கொள்வார்.

சப்பாத்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றை யாரும் அணிந்து பார்க்க வேண்டாம், விற்பனையில் அணியத் தகுந்தவை என்று சேர்க்கவும் வேண்டாம். பாலியூரித்தேன் என்னும் அந்தப் பிளாஸ்டிக் பல ஆண்டுகள் ஈரப்பதத்தில் இருந்தால் உள்ளுக்குள் சிதைந்துவிடும். வெளியே பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் எடை ஏறியதும் ரொட்டித்துண்டுபோல் நொறுங்கும். குளிர்நாட்டில் வைக்கப்பட்டவையே இப்படி நொறுங்கி நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வெக்கையில் கிடந்தவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தட்டுகளில் உள்ள பிளாஸ்டிக் பாகங்களுக்கும் இது பொருந்தும். வேகமாக இறங்கும்போது தட்டு உடைந்தால் போவது ஒருவருடைய காலோ உயிரோ ஆகலாம். ஆகவே ‘சப்பாத்தும் தட்டுகளும் காட்சிக்கு மட்டும், பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரி உங்கள் விளம்பரத்தில் தெளிவாக இருக்கட்டும்.

யாரிடம் விற்பது என்பதற்கு வருகிறேன். மலேசியாவில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் கொரியாவுக்கும் போய்ப் பனிச்சறுக்கு விளையாடுபவர்கள் இப்போது இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மென்மையான காலணியோடு ஓட்டுபவர்கள். 19 சென்டிமீட்டர் பலகையில் அந்தக் காலணியோடு நின்றால் விரலும் குதிகாலும் வெளியே நீண்டு பனியில் உரசி ஆளைத் தள்ளிவிடும். ஆகவே முடா, கரோசல் போன்ற இணைய விற்பனைத் தளங்களில் வெறுமனே ‘ஸ்னோபோர்ட்’ என்று போட்டு, விவரம் தெரியாத ஓர் இளைஞருக்கு விற்பது நியாயமாகாது. இந்தப் பலகையை உண்மையாகத் தேடுபவர்கள் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் உள்ள ஆல்பைன் ஆர்வலர்கள். அவர்களிலும் சமச்சீரற்ற காலத்துப் பலகைகளைச் சேகரிப்பவர்கள் சிலர்தான்.

விலையைப் பற்றி உறுதியாக ஒரு தொகையைச் சொல்பவரை நம்பாதீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் வரையறை சொல்லலாம். 1990-களில் பெருமளவில் செய்யப்பட்ட ஆல்பைன் பலகைகள், ஓரளவு நல்ல நிலையில் இருந்தாலும், நான் பார்த்த அளவில் நூறு அமெரிக்க டாலரைச் சுற்றியோ அதற்குக் கீழேயோதான் கைமாறின. பெயர்பெற்ற மாதிரி, அழியாத ஓவியம், துரு இல்லாத விளிம்பு மூன்றும் சேர்ந்தால்தான் அதைப்போல் சில மடங்கு கிடைக்கும். இபேயில் பார்க்கும்போது, கேட்கப்படும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடுங்கள். ஆயிரம் டாலர் கேட்டுப் பல ஆண்டுகளாக விற்காமல் கிடக்கும் பலகை உங்களுக்கு எதையும் கற்பிக்காது.

இதில் பலர் மறந்துவிடும் கணக்கு அனுப்பும் செலவு. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை; நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வது பொதுவான முறை. உங்கள் பலகையைத் தட்டுகளோடு 175, 30, 12 என்ற அளவுப் பெட்டியில் வைத்தால் 12.6 கிலோ என்று கணக்காகும். உண்மையில் எல்லாம் சேர்ந்து ஆறு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். தட்டுகளைக் கழற்றிப் பலகையின் ஓரமாக வைத்து உயரத்தை 9 சென்டிமீட்டராக்கினால் அது ஏறத்தாழ 9.5 கிலோவாகக் குறையும். அஞ்சல் வழியில் 1.5 மீட்டர் நீளத்தைத் தாண்டிய பொட்டலங்களை ஏற்காத சேவைகள் பல உள்ளதால், முதலில் முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பும் செலவு பலகையின் விலையையே தொட்டுவிடக்கூடும். அதை வாங்குபவர் ஏற்பதாக முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். அதிகத் தொகை அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது பழைய மோசடி.

ஆகவே என் கருத்து இது. இரும்புக்காரரை மறந்துவிடுங்கள். ஈப்போக்காரரின் 250 ரிங்கிட் ஏமாற்று விலை அல்ல. விளிம்பு குழி விழுந்திருந்தாலோ, அடுக்கு பிரிந்திருந்தாலோ, நடு வளைவு போயிருந்தாலோ, அதைவிட நல்ல விலை உங்களுக்கு வருவது கடினம், அனுப்பும் அலைச்சலும் இல்லை. அவரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். உண்மையான விருப்பம் இருந்தால் காத்திருப்பார். அதற்குள் பலகை மேற்சொன்ன சோதனைகளில் தேறி, பெயரும் தெரியவந்தால், ஜப்பானிய ஆர்வலர்களிடம் முதலில் காட்டுங்கள். தூரமும் செலவும் ஐரோப்பாவைவிடக் குறைவு.

தாமான் வீட்டுக்கு மாறும் அவசரத்தில் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் மட்டமாகக் கிடத்தி, பழைய போர்வையால் மூடுங்கள், பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டாம், வேர்த்துத் துரு ஏறும். முழு நீளத்தில் மேற்பக்கம், அடிப்பக்கம், விளிம்பு நெருக்கத்தில் நான்கு இடங்கள், தட்டு கழற்றிய துளைகள், வரிசை எண் என்று படங்கள் எடுத்து இதே பதிவின் கீழ் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை திறந்திருக்கும். கொண்டுவர முடிந்தால் தரையில் வைத்து இருவரும் சேர்ந்தே பார்த்துவிடலாம். அம்மாவும் வந்தால் நல்லது, மாமா அந்தப் பலகையைப் பற்றி என்னென்ன சொன்னார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.